‘அனுப்பலாம்’ என்று நான் மாற்றிய வரி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய சட்ட வரைவின் தமிழ் வடிவத்தை வடசேரியில் ஒரு கடையில் அச்செடுத்து, மூன்று நாளாக வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். “அம்மா, நீ முப்பது வருஷம் அரசாணைத் தமிழ் எழுதினவ. பிழை எதுவும் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு” என்று கேட்டிருந்தாய். பிழை எதுவும் இல்லை. சந்தி சரியாக இருக்கிறது, ஒற்று எங்கும் விடுபடவில்லை. தொலைபேசியில் இதைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் தொடங்கினால், “அது எல்லாச் சட்டத்துலயும் உள்ளதுதாம்மா” என்று பாதியில் மறித்துவிடுவாய். நானும் நிறுத்திவிடுவேன். உன் அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்து, “அவனுக்கு நல்ல வேல கெடச்சிருக்கு, நீ ஒண்ணும் கெளப்பாண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் கடிதமாக எழுதுகிறேன். முடியும்வரை படி.

நாட்டின் கடற்கரை முழுவதற்கும் காவல் படையை விரிவாக்கும் சட்டம். புதிய கப்பல்கள், புதிய நிலையங்கள், ஆள்கள், ஐந்து ஆண்டுக்கான நிதி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அதை எழுதும் குழுவில் என் மகனும் இருக்கிறான் என்று சர்ச்சில் நாலு பேரிடம் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்துப் படித்தபோது ஓர் உட்பிரிவில் கண் நின்றது. கடலில் ஆபத்தில் சிக்கியவர்களிடமிருந்து அழைப்பு வந்தால், “நிதி இருப்பைப் பொறுத்து, படை உரிய கலத்தை அனுப்பலாம்” என்று எழுதியிருக்கிறாய். ஆங்கில மூலத்தில் ‘மே’ என்றுதான் இருக்கிறது, நான் என்ன செய்வேன் என்பாய். மூலத்தை எழுதியவர்களிலும் நீ ஒருவன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த ‘லாம்’ எனக்குத் தெரியும், மகனே. அதை ஒரு முறை நான் எழுதியிருக்கிறேன். அதனால் என்ன ஆயிற்று என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ எட்டாம் வகுப்பு படித்த வருடம் அது. மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள்கள் நாகர்கோவிலில் எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு அவர்களுடைய வள்ளம் ஒன்று கரைக்கு அருகிலேயே கவிழ்ந்து, தேடிப் போக யாரும் இல்லாமல் மூன்று பேர் போய்விட்டார்கள். ஒரு மீட்புப் படகு துறைமுகத்திலேயே நிரந்தரமாக நிற்க வேண்டும், அதற்கு டீசலும் ஆளும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், கூப்பிட்டால் புறப்பட வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. மனுவைக் கொடுத்தவர் பெயர் சிலுவைதாசன். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, உப்பில் வெளுத்த புருவம். மனுவை நீட்டிவிட்டு நாற்காலியில் உட்காராமலே நின்றார். நானும் உட்காரச் சொல்லவில்லை. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடப்புறத்து மீன்பிடிக்காரர்கள் என்றால் மனதுக்குள் ஓர் இளப்பம் உண்டு. ஒரே கர்த்தரைக் கும்பிடுகிறோம் என்பதெல்லாம் அந்த இடத்தில் நினைவுக்கு வராது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். மனுவைப் படித்துவிட்டு ஆணை தயாரிக்கச் சொன்னார். நான்தான் எழுதினேன். “படகு துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். ஆபத்து அழைப்பு கிடைத்தவுடன் அனுப்ப வேண்டும்” என்று முதலில் எழுதியது நானேதான். கோப்பு மேலே போய் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. ‘வேண்டும்’ என்று எழுதினால் ஒவ்வோர் ஆண்டும் டீசலுக்குத் தனியாக ஒதுக்கியாக வேண்டும், அப்படி ஒதுக்க வழியில்லை என்று ஓரத்தில் குறிப்பு. அதிகாரி கோப்பை மூடி வைத்துவிட்டார். “இனி இது நடக்காது, அடுத்த வருஷம் பாப்போம்” என்றார். அப்போது நான்தான் சொன்னேன்: “சார், ‘வேண்டும்’ங்கத எடுத்திட்டு ‘லாம்’னு போட்டுருவோம். அனுப்பலாம், நிறுத்தி வைக்கலாம். ஃபைல் நகந்துரும்.” அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க கெட்டிக்காரிதான்” என்றார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, மகனே. யாரும் கேட்கக்கூட இல்லை. என் புத்திசாலித்தனத்தைக் காட்ட ஓர் இடம் கிடைத்தது, காட்டினேன்.

கோப்பு நகர்ந்தது. ஆணையின் நகலை வாங்க சிலுவைதாசன் வந்தார். அன்றைக்கும் நின்றுகொண்டேதான் படித்தார். ஒவ்வொரு சொல்லின் மீதும் விரலை வைத்துப் படித்தவர், ஓரிடத்தில் விரலை எடுக்காமல் நின்றுவிட்டார். “அம்மா, நாங்க கேட்டது அனுப்பணும்னுல்லா? இதுல அனுப்பலாம்னு கெடக்கே. கொழப்பம் ஒண்ணும் வராதே?” என்று கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் ஆபீஸ் பாஷை. ஒண்ணும் இல்ல, தைரியமா போங்க” என்றேன். அவர் நம்பினார். மறுவாரம் அவரும் அவர் மனைவி செல்வமேரியும் வீடு தேடி வந்து ஒரு பெரிய நெய்மீனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். நீ மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். “இது யாரும்மா தந்தது?” என்று கேட்டாய். “அம்மா ஒரு நல்ல காரியம் செஞ்சேன், அதுக்குத் தந்தாங்க” என்றேன்.

படகு வந்தது. ஆரஞ்சு வண்ணப் படகு. கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்கள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு அதை ஓட்டுபவரை வேறு பணிக்கு மாற்றினார்கள். அதில் விதிமீறல் இல்லை. பெரிய மனிதர்கள் வந்தால் கடலைச் சுற்றிக் காட்டக் கொண்டுபோனார்கள்; அதிலும் விதிமீறல் இல்லை. டீசல் சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை. ஒவ்வொன்றும் என் மேசை வழியாகத்தான் போனது. ஒவ்வொன்றுக்கும் அந்த ஆணையில் இடம் இருந்தது. பூட்டு இல்லாத கதவை நான்தான் செய்து மாட்டியிருந்தேன். யார் யாரோ வந்து திறந்தார்கள்.

நீ சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், நவம்பர் கடைசியில் ஒரு காலை. வடசேரிச் சந்தையில் தார்ப்பாய்கள் பறந்து, வாழைக்குலைகள் தெருவில் உருண்டன. நான் அலுவலகம் போய்ச் சேர்ந்து, நனைந்த சேலையோடு மின்சாரம் இல்லாத அறையில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு சிலுவைதாசன் உள்ளே வந்தார். அவருடைய மூத்த மகனும் வேறு நான்கு பேரும் போன வள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. ஊரில் இருந்த வயர்லெஸில் மகனே பேசியிருக்கிறான். எங்கே கிடக்கிறோம் என்று சரியாகச் சொல்லியிருக்கிறான். மீட்புப் படகு புறப்பட்டால் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் தூரம். படகு போக முடியாத அளவுக்குக் காற்று இன்னும் எழும்பவில்லை. சிலுவைதாசன் கையில் அந்த ஆணையின் நகல் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

“அம்மா, போட்ட விடச் சொல்லுங்க. பயலுக்க சத்தம் தெளிவாக் கேக்குது. ‘அப்பா, போட்டு வருதாண்ணு கேளுங்க’ண்ணு சொல்லுதான்.”

நான் துறைமுகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் புதியவர். டீசல் பாதி டேங்க்தான் இருக்கிறது, பழைய ஓட்டுநர் மாறிப்போய்ப் பழக்கமில்லாத ஒருவர் பொறுப்பில் இருக்கிறார், இந்தக் காற்றில் மேலிடத்தில் கேட்காமல் எடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றார். “ஆணை இருக்குல்லா, அழைப்பு வந்தா அனுப்பணும்லா” என்று நான் கத்தினேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “மேடம், ஆணை என் முன்னாலதான் இருக்கு. அனுப்பலாம்னுதான் போட்டிருக்கு. அனுப்பணும்னு இல்ல.” நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். சிலுவைதாசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா சொல்லுதாங்க?” என்று கேட்டார். “மேல கேட்டுட்டு விடுவாங்களாம்” என்றேன்.

மேலே கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் அதற்கு மேலே கேட்டார்கள். அனுமதி மறுநாள் நண்பகலில் வந்தது. அப்போது துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையே அலைகள் தாண்டிக்கொண்டிருந்தன. எந்தப் படகும் வெளியே போக முடியாது. ஐந்து பேரில் ஒருவனை மட்டும் இரண்டு நாள் கழித்து ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக் கரை சேர்த்தது. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் எல்லாரும் கயிற்றால் கட்டிக்கொண்டு கிடந்தார்களாம். சிலுவைதாசனின் மகன் முதல் நாள் பகல் முழுக்கக் கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு, “ஆரஞ்சு நெறம் தெரியுதா பாருல” என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். மறுநாள் பேச்சை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு அவன் கயிற்றில் இல்லை.

விசாரணை நடந்தது. ஆணையில் சொல் ஏன் மாறியது என்று என்னைக் கேட்டார்கள். என் பழைய அதிகாரி அதற்குள் இறந்துபோயிருந்தார். “மேலிடத்துக் குறிப்பின்படி மாற்றப்பட்டது” என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. ‘மாற்றினேன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதினேன். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. நீ அன்றைக்கு எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தாய்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு தராசை உடைத்துவிட்டு வந்தாய். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். “நான் தராசை உடைத்துவிட்டேன்” என்று எழுதி எனக்குக் காட்டினாய். நான் அதை அடித்துவிட்டு, “தராசு கை தவறி உடைந்துவிட்டது” என்று திருத்திக் கொடுத்தேன். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா?” என்று கேட்டாய். “ஒண்ணு இல்ல மக்களே, இப்பிடி எழுதினா உன் மேல வராது” என்று சொல்லிக் கொடுத்தேன். நீ வியந்து பார்த்தாய். மொழிக்குள் இப்படி ஒளிந்துகொள்ளலாம் என்று உனக்குக் காட்டியது நான்தான். உன் வரைவில் அந்த உட்பிரிவைப் படித்தபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. என் கையெழுத்தைப் பார்த்தது போல இருந்தது.

உடல் கிடைக்காதவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும். சிலுவைதாசன் அதற்காக ஆறு ஏழு முறை நடந்தார். கடைசியில் நான்தான் அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, சத்தம் உயராமல் கேட்டார்: “அம்மா, இந்தப் பேப்பர்லயும் அப்பிடி வார்த்த எதும் கெடக்கா?” “இல்ல” என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

உன் வரைவைப் படித்த மறுநாள், அதாவது முந்தாநாள், காலை பேருந்தைப் பிடித்து அவருடைய ஊருக்குப் போனேன். உன் அப்பாவிடம் சிதறாலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் அன்றைக்கு எண்ணெய் தடவியது போல அசையாமல் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கரையில் நின்றவர்களுக்கும் பிடிக்கவில்லை என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. தென்கிழக்கில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாவதாக அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் பல வள்ளங்கள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. கோயில் பக்கத்து மண்டபத்தில் வயர்லெஸ் பெட்டியின் முன்னால் சிலுவைதாசன் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ‘வேண்டும்’ என்றிருந்ததை ‘லாம்’ என்று மாற்றியது நான், யாரும் சொல்லி இல்லை, நானே மாற்றினேன் என்று சொன்னேன். செல்வமேரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிலுவைதாசன் வயர்லெஸின் சத்தத்தைச் சற்றுக் குறைத்தார்.

“தெரியும்மா. தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப்போட்டு அந்த ஃபைலுக்க நகல வாங்கிட்டேன். ‘லாம்’னு திருத்துன எடத்துல உங்க கையெழுத்து கெடந்துது. எட்டு வருஷமாச்சு.”

“பின்ன ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லுவிய? ஆபீஸ் பாஷன்னு சொல்லுவிய.”

செல்வமேரி அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே போய்விட்டாள். நான் அங்கிருந்தவரை வெளியே வரவே இல்லை. நான் பையிலிருந்து உன் வரைவை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் பழைய மாதிரியே விரலை வைத்து வைத்துப் படித்தார். கப்பல்கள், நிலையங்கள், நிதி என்ற பக்கங்களைப் படிக்கும்போது தலையை ஆட்டினார். விரல் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நின்றது. “இத எழுதுனது யாரு?” என்று கேட்டார். “எம் மவன்” என்றேன். அவர் தாள்களைச் சமமாக அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு வயர்லெஸின் சத்தத்தைக் கூட்டி, கடலில் இருந்த வள்ளங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலிருந்தும் கரகரப்போடு பதில் வந்தது. ஒரு பெயரை மட்டும் நான்கு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. அது அவருடைய இளைய மகன் போன வள்ளம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் என் காதில் சொன்னார்.

நான் வீடு திரும்பும்வரை பதில் வரவில்லை. திரும்பும் வழி முழுக்கப் பேருந்துச் சன்னலில் தென்னைகள் அசையாமல் நின்றன. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து நான்கு பக்கத்தில் ஒரு வாக்குமூலம் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் ‘நான்’ என்று தொடங்கினேன். நான் எழுதினேன், நான் மாற்றினேன், நான் மறைத்தேன். உங்கள் சட்ட வரைவுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டு விளம்பரம் வந்திருக்கிறது அல்லவா, அந்த முகவரிக்கு என் பெயரும் பழைய பதவியும் போட்டு நேற்றுக் காலை விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். அழைப்பு வந்தால் கலத்தை அனுப்பியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள், அதற்கான நிதியை வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. என் ஓய்வூதியத்துக்குச் சிக்கல் வரலாம். உன் வேலைக்கும் வரலாம், ஏனென்றால் நான் யாருடைய தாய் என்று அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும். உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ தடுத்திருப்பாய், நானும் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிறுத்தியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. இதற்காக நீ என்மேல் கோபப்பட்டால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று தெரியும். காகிதத்தில் எழுதும்போது அந்தச் சொல் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. அது குளிரூட்டிய அறையில் நிற்கும் என்று நினைக்கிறோம். திங்கட்கிழமை உங்கள் குழு கூடும்போது, மேசையில் இருப்பவர்கள் ‘லாம்’ என்ற ‘மே’ வசதி, ‘வேண்டும்’ என்ற ‘ஷல்’ பாரம் என்று சொல்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இளைய மகன் வந்துவிட்டான் என்று நேற்று மாலை சிலுவைதாசன் போன் செய்தார். எஞ்சினும் பேட்டரியும் போய் ஒரு நாளுக்கு மேல் கடல் இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. “பக்கத்து ஊரு வள்ளக்காரன் கண்டு, கயிறு போட்டு இழுத்துட்டு வந்தான். அவன் எந்தச் சட்டத்தயும் படிக்கல்ல, யாருட்டயும் கேக்கல்ல” என்றார். போனில் காற்றின் இரைச்சல் கேட்டது. பிறகு, “இனி வரப்போற காத்துல அந்த வள்ளக்காரனும் கடல்லதான் கெடப்பான். அவனயும் எம் மவனயும் தேடி யாரு வருவா? உங்க மவன்ட்ட கேட்டுச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேட்டுவிட்டேன், மகனே. இன்று காலை முதல் இங்கே காற்று எழும்பியிருக்கிறது.

உன் அம்மா